வெனிசில் ஒரு மொட்டை பெட்டிஷன்

1

நான் வெனிசுக்கு வந்து பத்தொன்பது வருஷம் நிறைந்த நாளில் எங்கள் தபால் பெட்டிக்குள் ஒரு சீட்டு கிடந்தது. நகராட்சிக் காவலர் ஒருவர் வீடு தேடி வந்தாராம். ஆள் இல்லையாம். மறுபடியும் வருவாராம். கீழே கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. எதற்கு வந்தார் என்று ஒரு வரி கிடையாது.

கடலூரிலோ சிதம்பரத்திலோ உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அதிகாரியை நாம்தான் தேடிப் போக வேண்டும். அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று கேட்டு, மரத்தடியில் உட்கார்ந்து, மறுபடியும் போக வேண்டும். அப்படிப்பட்டவர் தானாக நம் வாசலுக்கு வந்து நிற்கிறார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். யாரோ நம்மைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து கிள்ளைக்காரர். இங்கே ஒரு ஹோட்டலின் சமையல்கட்டில் வேலை செய்கிறார். தண்ணீர் இறங்கிச் சேறு வெளியே தெரிகிற நாட்களில் மூக்கை உறிஞ்சி, ஊர் வாசனை வருகிறது என்பார். உலகத்தில் யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன். சீட்டை அவரிடம் காட்டினேன்.

"சும்மா வந்துட்டுப் போயிருப்பாரு, உடு" என்றார்.

சும்மா வருவாரா? இத்தனை வருஷமும் நாங்கள் ஹோட்டல் முதலாளியின் வீட்டு மாடியில் இருந்தோம். எங்கள் பேப்பர் வேலை முழுவதும் அவர் பார்த்துக்கொண்டார். அவர் ஹோட்டலை விற்றுவிட்டுப் போனதால் மூன்று மாதம் முன்னால்தான் கஸ்தெல்லோ பக்கம் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியை வாடகைக்கு எடுத்தோம். புது விலாசத்தை இந்த மாதம்தான் நாங்களே எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்த மாதத்திலேயே காவலர் வருகிறார்.

எங்கள் மகள் கிறிஸ்டிக்கு ஜனவரியில் பதினெட்டு முடிகிறது. இங்கே பிறந்தவள்தான். ஆனால் பிறந்ததற்காக மட்டும் இந்த நாடு குடியுரிமை கொடுப்பதில்லை. பிறந்த நாள் முதல் பதினெட்டு வரை பதிவேட்டில் விட்டுப்போகாமல் இருந்தால், அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் போய்க் கேட்கலாம். நடுவில் ஓட்டை விழுந்தால் சிக்கல் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புது வீட்டில் நாங்கள் குடியிருக்கவில்லை என்று ஒருவன் எழுதிப் போட்டால் போதும். பதினேழே முக்கால் வருஷம் தண்ணீரில் போய்விடும். இந்த ஊரில் அதற்கு வேண்டிய தண்ணீரும் இருக்கிறது.

2

எனக்கு ஏன் இப்படிப் புத்தி போகிறது என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்தோணி மாமாவின் கடையில் வேலை பார்த்தேன். வெளிப் பலகையில் 'ஜாப் டைப்பிங், மனுக்கள் எழுதித் தரப்படும்' என்று இருக்கும். மாமா எங்கள் பங்குக் கோயில்காரர், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறை கேட்கும் நாள் என்றால் காலை ஏழு மணிக்கே கடையில் கூட்டம் நிற்கும். நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர்கள், பட்டா மாறாதவர்கள், விதவைப் பென்ஷன் நின்றுபோனவர்கள். நான் டைப் அடிப்பேன். 'பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு' என்று ஆரம்பித்தால் கை தானாக ஓடும்.

திங்கள்கிழமை கூட்டத்தில் வராத சிலர் செவ்வாய், புதன் மத்தியானத்தில் வருவார்கள். வந்து, பெஞ்சில் உட்காராமல், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது மொட்டை பெட்டிஷன். பெயரும் விலாசமும் இல்லாத புகார். அதை மாமா மெஷினில் அடிக்க விடமாட்டார். எங்கள் மெஷினில் ஒரு எழுத்தின் கால் உடைந்திருந்தது. பார்த்தவுடன் எந்தக் கடை என்று தெரிந்துவிடும். அதனால் கையால்தான் எழுத வேண்டும், அதுவும் இடது கையால். நான் நன்றாக எழுதுவேன். அங்கங்கே ஒரு எழுத்துப்பிழை வைக்க வேண்டும், படித்தவன் எழுதியது போல இருக்கக்கூடாது. கடலூர்க்காரர் மேல் என்றால் நெல்லிக்குப்பத்தில் போய்த் தபாலில் போட வேண்டும். சிதம்பரத்துக்காரர் மேல் என்றால் சேத்தியாத்தோப்பில். கடைசியில் 'இப்படிக்கு, உண்மை விளம்பி'.

எல்லாவற்றுக்கும் மேலே மாமா சொல்லிக்கொடுத்த ஒன்று உண்டு. உள்ளே ஒரு விஷயமாவது நிஜமாக இருக்க வேண்டும். அதிகாரி வந்து பார்க்கும்போது அந்த ஒன்று கண்ணில் பட்டால் மற்ற ஒன்பதையும் நம்பிவிடுவார். நான் அதில் கெட்டிக்காரி. ஆளைப் பற்றி நாலு கேள்வி கேட்டு, எது நிஜம் என்று பிடித்துவிடுவேன். பாவம் என்று அப்போது தோன்றவில்லை. வேலை என்றுதான் தோன்றியது.

சீட்டு வந்த அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன் போட்டேன். கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. காது கொஞ்சம் மந்தம். விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன்.

"ஆபீசர் சும்மா வருவானா மேரி? எவனோ போட்டு உட்டுருக்கான். பக்கத்துல யாரு இருக்காங்க, அத மொதல்ல பாரு" என்றார்.

சவரி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் என்று முணுமுணுத்தபடி வேலைக்குக் கிளம்பினார்.

3

வெனிசைப் பற்றி எழுது, கால்வாயைப் பற்றி எழுது, பிச்சாவரம் மாதிரியா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். சேற்றுக்குள் மரக்கட்டைகளை அடித்து இறக்கி, அதன்மேல் கல் பரப்பி, அதன்மேல் கோயிலும் மாளிகையும் கட்டி, நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிற ஊர். அழகுதான். கிறிஸ்டியின் பள்ளிப் புத்தகத்தில் இதை மனிதனின் சாதனை என்று போட்டிருக்கிறார்கள். நான் பார்க்கிற வெனிஸ் வேறு.

இந்த ஊர்க்காரர்கள் யாரையும் நம்பியவர்கள் இல்லை. கப்பலில் வந்தவனை நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். தனித்தீவு ஒன்றில் நாற்பது நாள் உட்கார வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கால் வைக்க விடுவார்கள். ஒவ்வொரு சதுக்கத்திலும் ஒரு கிணறு உண்டு, மழைத்தண்ணீரை மணலில் வடிகட்டிச் சேர்க்கிற தொட்டி. அதற்குப் பூட்டு போட்டு, மணி அடித்து, நேரம் பார்த்துத்தான் திறப்பார்களாம். ஒருவன் படகை இன்னொருவன் படகைவிட அலங்காரம் செய்து பணத்திமிர் காட்டுகிறான் என்று எல்லாப் படகையும் கறுப்பு அடிக்கச் சொல்லிவிட்டார்கள். வருஷத்தில் பாதி நாள் முகமூடி போட்டுத் திரிந்தார்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று யாருக்கும் தெரியக்கூடாதாம். சுற்றுலா வருகிறவர்கள் அந்த முகமூடியை வாங்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக் கடைவாசல்தான் ஞாபகம் வரும்.

நான் வேலை செய்வது இந்த ஊரை முன்பு ஆண்ட தலைவர்களின் அரண்மனையில். பெருமைப்பட வேண்டாம், தரை துடைக்கிற வேலை. காண்டிராக்டில் எடுக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு உள்ளே போய், கூட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். சித்திரம் வரைந்த மண்டபங்களைத் தாண்டிப் போனால் ஒரு அறைச் சுவரில் சிங்க முகம் ஒன்று கல்லில் செதுக்கியிருக்கும். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளவு. சுவருக்கு அந்தப்புறம் பூட்டுப் போட்ட பெட்டி.

முதல் வருஷம் அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வழிகாட்டிப் பெண் ஒருத்தி சீக்கிரம் வந்த கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். யார் மேலாவது புகார் இருந்தால் எழுதி இந்த வாயில் போட்டுவிட்டுப் போகலாம், அதிகாரிகள் அந்தப்பக்கம் திறந்து எடுத்துக்கொள்வார்கள் என்றாள். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நெல்லிக்குப்பம் வரை பஸ் பிடித்துப் போய்த் தபால் பெட்டி தேட வேண்டாம். கல்லிலேயே வாய் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தோணி மாமா இந்த ஊரில் பிறந்திருந்தால் சுவருக்கு எதிரிலேயே கடை போட்டிருப்பார் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். பெயர் போடாத கடிதத்தை எரித்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்ததாம். நாட்டுக்கே ஆபத்து என்கிற விஷயமாக இருந்தால்தான், அதுவும் பெரியவர்கள் கூடி ஓட்டுப் போட்டுத்தான், படிப்பார்களாம். பொய்ப்புகார் கொடுத்தவனுக்குத் தண்டனையும் உண்டாம். கூட்டம் தலையாட்டியது. நான் நம்பவில்லை. எரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்திருப்பார்கள். படிக்காமல் எரிக்க மனுஷனால் முடியுமா?

4

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மாமா கேட்டாரே, அதற்கு ஒரே பதில்தான். லூயிசா.

எங்கள் வீட்டுக்குக் கீழே, தரைமட்டத்தில் இருக்கிறவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். படகு நிறுத்தத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. புருஷன் இல்லை. அது நகராட்சி வாடகை வீடு, அவள் பிறந்ததே அங்கேதான் என்று மளிகைக்கடையில் சொன்னார்கள். வேலை இல்லாத நேரமெல்லாம் ஜன்னலில் நிற்பாள். நான் பையுடன் வந்தால் முதலில் பையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் காலை வணக்கம்.

குடிவந்த புதிதில் படிக்கட்டில் நிறுத்தி வரிசையாகக் கேட்டாள். எத்தனை பேர்? இதுதானா, இன்னும் வருவார்களா? எத்தனை நாள் இருப்பீர்கள்? ஊரில் என்ன வேலை செய்தீர்கள்? ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. இத்தாலிக்காரிக்கு என்ன தெரியும் என்ற தைரியம்.

சீட்டு வந்த பிறகு அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஆளைப் பற்றி நாலு கேள்வி கேட்டு நிஜம் எது என்று பிடிக்கிற வித்தை அது. நான் செய்தது. எனக்கே தெரியாதா?

கிறிஸ்டியிடம் சொன்னேன். அவள் இத்தாலியன் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தமிழில் ஆரம்பித்து இத்தாலியனில் முடிக்கிற பழக்கம் அவளுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. கோபம் வந்தால் முழுக்க இத்தாலியன்தான். அன்று தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா, எல்லாருக்கும் உன்னப் பத்தி யோசிக்கறதுதான் வேலையா? ஜன்னல்ல நின்னா அவங்க வீட்டு ஜன்னல். பெல்ல நம்ம பேரு ஒழுங்கா இருக்கா பாரு, போதும்."

பெல்லில் பெயர் இருந்தது. சவரி அழகாக எழுதி ஒட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனை வந்தது. ஊரில் விசாரணை வருகிறது என்று தெரிந்தால் முதலில் வீட்டுப் பலகையைக் கழற்றுவோம். வருகிறவனுக்கு எது வீடு என்று தெரியாமல் நாலு நாள் அலையட்டும், அதற்குள் நாம் ஆளைப் பிடித்துவிடலாம் என்ற கணக்கு. நான் அன்று மத்தியானமே பெல்லில் இருந்தும் தபால் பெட்டியில் இருந்தும் பெயரைக் கிழித்து எடுத்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நானும் ஜன்னலில் நிற்க ஆரம்பித்தேன். அவள் கீழே இருந்து தெருவைப் பார்க்க, நான் மேலே இருந்து அவளைப் பார்க்க, எதிரே கால்வாய்த் தண்ணீர் பச்சையாகக் கிடக்கும். இரண்டாவது வாரத்தில் எனக்கு வேண்டியது கிடைத்தது. சனிக்கிழமை காலை சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பையனும் ஒரு பெண்ணும் அவள் வீட்டுக்குள் போனார்கள். ஞாயிறு மாலை கிளம்பிவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடியும் பெட்டிச் சத்தம்.

இந்த ஊரில் வீட்டை ரகசியமாகச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் போவதே அதனால்தான் என்று சுவரெல்லாம் ஒட்டியிருப்பார்கள். அதுவும் நகராட்சி வீட்டை உள்வாடகைக்கு விட்டால் வீடே போய்விடும். நிஜமான ஒரு விஷயம் என் கைக்கு வந்துவிட்டது.

5

எழுதினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நான்தான் எழுதினேன்.

எனக்கு இத்தாலியன் பேச வரும், எழுத நொண்டும். போனில் தமிழைச் சொல்லி அது கொடுத்த மொழிபெயர்ப்பைப் பார்த்து, இடது கையால் ஒரு பக்கம் எழுதினேன். பத்தொன்பது வருஷம் கழித்தும் இடது கை மறக்கவில்லை. இன்ன வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் லூயிசா என்பவர் நகராட்சி வீட்டை வாரக்கடைசியில் வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார், பெட்டிகளுடன் வருவதும் போவதும் அக்கம்பக்கத்தார் கண்ணால் கண்டது, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் வரி முதல் கடைசி வரி வரை மஞ்சக்குப்பத்து அச்சில் வார்த்தது. இப்படிக்கு, உண்மை விளம்பி. அதையும் இத்தாலியனில் போட்டேன்.

அவள் எங்களைப் பற்றி எழுதியது எடுபடக்கூடாது என்றால் அவள் மேலேயே விசாரணை வர வேண்டும். புகார் கொடுத்தவள் குற்றவாளி என்றால் புகாருக்கு மதிப்பு போய்விடும். என் மகளுக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அது நிஜம். ஆனால் எழுதும்போது பழைய வேலை கைக்கு வந்த சந்தோஷமும் இருந்தது, அதுவும் நிஜம்.

வெனிஸ் தபால் முத்திரை விழக்கூடாது என்று பாலத்தைத் தாண்டி மெஸ்த்ரே வரை ரயிலில் போய் அங்கே போட்டேன். அன்று கடல் ஏறி வந்து, தெருவில் தண்ணீர் நின்றது. பலகை போட்டு அதன்மேல் ஒவ்வொருவராக நடக்க விட்டிருந்தார்கள். நான் திரும்பி வரும்போது எதிரே வேலைக்குக் கிளம்பி லூயிசா வந்தாள். பலகையில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது. அவள் ஒதுங்கித் தண்ணீரில் பூட்ஸ் காலை வைத்து நின்று எனக்கு வழிவிட்டாள். போய்ப் போட்டுவிட்டு வந்தவள் நான், நன்றி சொல்லிவிட்டுப் போனேன்.

6

ஒரு வாரம் ஆகியும் காவலர் மறுபடி வந்ததாகத் தெரியவில்லை. வேவு பார்க்கலாம் என்று நானே நகராட்சிக் கவுண்டருக்குப் போனேன். டோக்கன் எடுத்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் நீட்டி, எங்கள் மேல் யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன்.

உள்ளே இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. புகாரா, என்ன புகார் என்றாள். காவலர் வந்தாரே என்றேன். அவள் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். விலாசம் மாற்றிக் கொடுத்தால் அந்த வீட்டில் நிஜமாகவே குடியிருக்கிறார்களா என்று காவலர் வந்து பார்ப்பார். எல்லோருக்கும் அப்படித்தான். அவள் போன வருஷம் வீடு மாறியபோது அவள் வீட்டுக்கும் வந்தாராம்.

எல்லோருக்குமா என்று கேட்டேன். எல்லோருக்கும் என்றாள்.

யாரும் எதுவும் எழுதவில்லை.  அதோடு விட்டாளா? இரண்டாவது தடவை காவலர் வந்தபோது பெல்லில் பெயரே இல்லை என்று எழுதியிருக்கிறார், அப்படி இருந்தால் அங்கே ஆள் இல்லை என்றுதான் பதிவாகும், பதிவில் இருந்தே எடுத்துவிட நேரும், ஏன் பெயரை எடுத்தீர்கள் என்று கேட்டாள்.  பதினேழே முக்கால் வருஷத்தை நானே என் கையால் கிழித்திருக்கிறேன்.

அவள் கணினித் திரையில் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் படித்தாள். பயப்பட வேண்டாம், எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். காவலர் திரும்பிப் போகும்போது கீழ்வீட்டுப் பெண்மணி வெளியே வந்து, இவர்கள் மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறார்கள், பெண் தினமும் ஏழேகாலுக்குப் பள்ளிக்கூடம் போகிறாள், தகப்பன் கடைசிப் படகில் வருகிறார் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். தேதி சொன்னாள். நான் மெஸ்த்ரேக்குப் போன அதே நாள், காலையில்.

7

டிசம்பரில் லூயிசா வீட்டுக்கு இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படி வேலைக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. ஜன்னல் பக்கம் போகவே இல்லை. என் கடிதத்தை அவர்கள் எரித்திருக்கக்கூடாதா என்று அரண்மனையில் அந்தச் சிங்கத்தைப் பார்த்துக் கேட்டேன். முன்னே நான் நம்பாத சட்டம் அது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். லூயிசா மேலே வந்தாள். இதுவரை வந்ததே இல்லை. கையில் ஒரு தாள். தன் மேல் வந்த கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். மேஜையில் வைத்து விரலால் நீவினாள். பெட்டியுடன் வருகிறவன் அவளுடைய மகன், திரியெஸ்தேயில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கல்யாணம் பேசியிருக்கிற பெண்ணோடு வருகிறான். அதை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பிறகு அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்.

"உங்கள் ஊரில் மனு எழுதுகிற வேலை செய்தேன் என்று சொன்னீர்கள். எனக்கு இதற்கு ஒரு பதில் எழுதிக் கொடுங்கள்."

முகத்தில் எதுவும் தெரியவில்லை. எழுதி வைக்கிறேன் என்றேன். கடிதத்தை விட்டுவிட்டுப் போனாள்.

கிறிஸ்டி அதை எடுத்துப் படித்தாள். முதல் வரியை இரண்டு தடவை படித்தாள். கடைசி வரிக்குப் போய்த் திரும்ப மேலே வந்தாள்.

"அம்மா, இந்த ஊர்ல முனிசிபாலிட்டிக்காரன யாரும் பெருமதிப்பிற்குரிய ஐயான்னு கூப்பிட மாட்டாங்க. கருணை கூர்ந்துன்னு யாரும் கேக்க மாட்டாங்க. லூயிசாவுக்கு நீதான்னு தெரியும்" என்றாள். எந்தக் கை, எந்த முத்திரை என்று பார்த்துப் பார்த்து மறைத்தவள், அந்தக் கும்பிடை மறைக்க மறந்துவிட்டேன். கிறிஸ்டி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குக் கிள்ளைப் பக்கத்து சத்துணவு அமைப்பாளர் அம்மா ஒருவர் ஞாபகம் வந்தார். என் கையால் அவர் மேல் மொட்டை பெட்டிஷன் எழுதிப் போட்டு ஒரு மாதத்தில், விளக்கம் டைப் அடிக்க எங்கள் கடைக்கே வந்தார். முந்தானையில் கண்ணைத் துடைத்தபடி, எந்தப் பாவி எழுதினானோ என்றார். நான் மூன்று பிரதி அடித்து, பின் போட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு வேலை போனதா, இருந்ததா என்றுகூட விசாரிக்கவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவரை நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை என்பது அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது.

சவரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

"பதில எழுதிக் குடுத்துட்டு கம்முனு இரு. நீ எழுதுனன்னு எழுத்துல குடுத்தா பொய்க்கேசு போட்டன்னு ஆவும். புள்ள பேப்பர் அடுத்த மாசம் போவணும். அவ வாழ்க்கைய நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் வேறு எதையும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வலது கையால் எழுதினேன். மகன் விஷயத்தை எழுதி, அதற்குக் கீழே, முன்பு வந்த பெயரில்லாத கடிதத்தை எழுதியதும் நான்தான், அதில் சொன்னது பொய், இவர் என் குடும்பத்துக்கு நன்மை செய்தவர் என்று எழுதினேன். கிறிஸ்டியிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன்.  அவள் பேனாவை எடுத்து, பெருமதிப்பிற்குரிய என்று ஆரம்பித்த முதல் வரியை அடித்தாள்.

"இது வேணாம். நேரா சொல்லு" என்றாள்.

அப்படிப்பட்ட வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால் கடிதம் பாதியாகிவிட்டது. கீழே ஆரோக்கியமேரி சவரிமுத்து, முதல் மாடி, என்று எழுதினேன். எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். என் பெயரைப் போட்டு எழுதியது அது ஒன்றுதான்.

8

லூயிசா வாசலில் நின்றபடியே படித்தாள். என் பெயர் வந்த இடத்தில் சற்று நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "இது என்னிடம் இருக்கட்டும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபீசில் அதைக் கொடுக்கவில்லை. மகனை அழைத்துக்கொண்டு தானே ஆபீசுக்குப் போய் அவனுடைய பேப்பரைக் காட்டிவிட்டு வந்ததாகவும், விசாரணை முடிந்துவிட்டதாகவும் மளிகைக்கடையில் கேள்விப்பட்டேன். என் கடிதம் அவளிடமே இருக்கிறது. எதற்காக வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்திருக்கலாம். ஒரு பிடி இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். நானாக இருந்தால் பிடிக்காகத்தான் வைத்திருப்பேன். தினமும் காலை வணக்கம் சொல்கிறாள், முன்பு சொன்ன அதே முகத்தோடு.

கிறிஸ்டியின் விண்ணப்பம் ஜனவரியிலேயே போனது. ஏப்ரலில் உறுதிமொழி எடுக்கக் கூப்பிட்டார்கள். கிறிஸ்டி என்னைக் கேட்காமல் லூயிசாவை அழைத்திருந்தாள். கால்வாயைப் பார்த்த ஒரு பழைய மண்டபம், முன்வரிசையில் எங்களுக்கு நாற்காலி. என் இடதுபக்கம் சவரி, வலதுபக்கம் லூயிசா. அவள் மடியில் அதே கைப்பை. எதிரே மேஜையில் மூவர்ணப் பட்டை அணிந்த அதிகாரி. அவருக்கும் அந்தப் பைக்கும் நடுவில் பத்தடி இருக்கும்.

கிறிஸ்டியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து முன்னால் போனாள். அந்த நேரம் பார்த்து லூயிசா பையின் கொக்கியைத் திறந்தாள்.  பெற்ற பெண் உறுதிமொழி சொல்கிறாள், எனக்கு ஒரு சொல் காதில் விழவில்லை. அவள் உள்ளே கைவிட்டுத் துழாவினாள். காகிதம் சரசரத்தது. ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கிறிஸ்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை அவள் மடியில் வாய் திறந்தபடி இருந்தது. கொஞ்சம் தலையைச் சாய்த்தால் போதும், அந்தத் தாள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கழுத்து வலிக்கிற அளவுக்கு நேராக உட்கார்ந்து என் மகளைப் பார்த்தேன்.